சோப்பில் எழுதிய கவிதைகள்

சோவியத் அரசின் மத ஒடுக்குமுறை பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஆயர்களின் பெயர்களே முன்னால் வருகின்றன. நான் தேடுவது பெண்களை.

கவிஞர் இரினா ரத்துஷின்ஸ்காயா ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். கவிதை எழுதியதற்காக 1983இல் ஏழாண்டுக் கடுங்காவல் பெற்றார். மொர்தோவியா முகாமில் கையுறை தைத்தார். தீக்குச்சியால் சோப்பில் கவிதை கீறி, மனப்பாடமானதும் கழுவிவிட்டார். கத்தோலிக்க, பெந்தெகொஸ்தே பெண்களும் அங்கே இருந்தார்கள். வெளியே தனித்தனிச் சபைகள். உள்ளேயோ, ஒருத்தி நோயுற்றால் மற்றவர்கள் அவளுக்காகப் பட்டினி கிடந்து போராடினார்கள். அவர்களின் வழிபாட்டை நான் அதில்தான் காண்கிறேன்.

1986 அக்டோபரில், ரெய்க்யவிக் உச்சி மாநாட்டுக்குச் சற்று முன்பு, இரினா விடுதலையானார். சிறையில் இயற்றிய 200க்கும் மேற்பட்ட கவிதைகள் அவர் நினைவில் இருந்தன.

நானும் கவிதை எழுதுகிறவள். ஒரு தாள் தொலைந்தாலே பதறுகிறேன். அவரோ ஒவ்வொரு கவிதையையும் தன் கையாலேயே கழுவினார்.