ஒரே ஒரு பிரதி, 24 வாசகிகள்

1935இல் இங்கிலாந்தில் 'நர்சரி வேர்ல்ட்' என்றொரு பத்திரிகை வந்துகொண்டிருந்தது. குழந்தை வளர்ப்புக்கான பத்திரிகை. அதன் வாசகர் கடிதப் பகுதியில் பெரும்பாலும் புனைபெயரில்தான் எழுதுவார்கள். அந்த வருஷம் 'உபிக்வே' என்ற பெயரில் ஒரு கடிதம் வந்தது. குழந்தையைப் பற்றி அதில் பெரிதாக ஒன்றுமில்லை, எல்லாம் அம்மாவைப் பற்றித்தான். பக்கத்தில் வீடுகள் இல்லை, ரேடியோ வாங்கக் காசில்லை, படிக்கக் கிடைக்கிற புத்தகங்களும் குறைவு, பிள்ளைகள் தூங்கியபின் தனிமை தாங்க முடியவில்லை. செலவில்லாமல் மனசை எங்காவது திருப்ப யாராவது ஒரு வழி சொல்லுங்களேன் என்று கேட்டிருந்தார்.

'உபிக்வே' என்றால் லத்தீனில் 'எங்கெங்கும்' என்று அர்த்தம். வீட்டை விட்டு நகர முடியாத ஒரு பெண் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அது!

பல அம்மாக்கள் பதில் எழுதினார்கள். 'எனக்கும் இதே நிலைமைதான்' என்பதுதான் பதில்களின் சாரம். அதிலிருந்து சில பேர் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு ரகசியப் பத்திரிகையை ஆரம்பித்தார்கள். கோஆபரேட்டிவ் கரஸ்பாண்டன்ஸ் கிளப், சுருக்கமாக சிசிசி. 1935இல் ஆரம்பித்தது 1990 வரை ஓடியது. 55 வருஷம்! ஆரம்பித்தபோது கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் முடியும்போது பாட்டிகள்.

பத்திரிகை என்றதும் அச்சு இயந்திரத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொருத்தரும் தங்கள் கட்டுரையைக் கையாலோ தட்டச்சிலோ எழுதி ஆசிரியருக்குத் தபாலில் அனுப்புவார்கள். ஆசிரியரின் புனைபெயர் 'அட் அஸ்ட்ரா', அதாவது 'நட்சத்திரங்களை நோக்கி'. வந்த தாள்களை அவர் ஒன்றாகச் சேர்த்து, கையால் பூவேலை செய்த லினன் துணி அட்டை போட்டு, பட்டியலில் முதலில் இருக்கும் பெண்ணுக்கு அனுப்புவார். அவர் படித்துவிட்டு, ஓரத்தில் தன் கருத்தை எழுதி, அடுத்தவருக்குத் தபாலில் போடவேண்டும். இப்படியே கைமாறிக் கைமாறிக் கடைசி ஆள் வரை போகும். இரண்டு வாரத்துக்கு ஒரு இதழ். ஒரு சமயத்தில் சுமார் 24 பேர்தான் உறுப்பினர்கள். பிரதி ஒன்றே ஒன்று.

நெட்வொர்க்கிங் படித்தவர்களுக்கு உடனே 'டோக்கன் ரிங்' ஞாபகம் வரும். டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் பேசும் முறை. எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. அடுத்து தோன்றியது, பேக்கப்பே இல்லையே என்பது! தபாலில் தொலைந்தால் தொலைந்ததுதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தக் குறைதான் இந்த அமைப்பின் பலம். இரண்டாவது பிரதி இல்லாததால் யார் யார் கைக்குப் போகும் என்பது எழுதும்போதே தெரியும். உறுப்பினராக வேண்டுமென்றால் தாயாக இருக்கவேண்டும், புனைபெயரில்தான் எழுதவேண்டும். ஒருத்தர் பெயர் 'அசிடியா', சோம்பல் என்ற பாவத்தின் பெயர். வீட்டு வேலையில் மூழ்கிக் கிடந்தவர் தன்னையே கிண்டல் செய்துகொண்டிருக்கிறார் பாருங்கள். இன்னொருத்தர் 'காட்டன் குட்ஸ்', பருத்திச் சரக்கு. பருத்தி மில்களுக்குப் பேர்போன லங்காஷயரின் தொழிலாளர் வர்க்கப் பெண்.

இவர்களில் நிறைய பேர் நன்றாகப் படித்தவர்கள். பிறகு ஏன் வீட்டில் இருந்தார்கள்? விடை அன்றைய சட்டதிட்டங்களில் இருக்கிறது. பிரிட்டனில் அப்போது 'திருமணத் தடை' என்று ஒரு வழக்கம். கல்யாணம் ஆனால் வேலையை விடவேண்டும். ஆசிரியைகளுக்கு அந்தத் தடை நாடு முழுக்க நீங்கியது 1944 கல்விச் சட்டத்தில். உள்நாட்டு அரசுப் பணியில் 1946இல். வெளியுறவுப் பணியில் 1973 வரை இருந்தது. பிபிசி மாதிரி நவீனமான நிறுவனமே 1932இல் இந்தத் தடையைக் கொண்டுவந்து 1944இல்தான் எடுத்தது. நாம் சிரிக்க முடியாது. இந்திய வெளியுறவுப் பணியில் பெண் அதிகாரி கல்யாணம் செய்ய அரசின் அனுமதி வாங்கவேண்டும் என்ற விதி இருந்தது. சென்னையில் படித்து 1949இல் அந்தப் பணியில் சேர்ந்த முதல் பெண்ணான சி.பி.முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். 1979இல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அந்த மாதிரி விதிகளைக் கடுமையாக விமர்சித்துத் தீர்ப்பு எழுதினார்.

வேலை போனது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வீடு. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் பிரிட்டனில் சுமார் 40 லட்சம் புது வீடுகள் கட்டப்பட்டன. நிறைய வீடுகள் புறநகர்களில். கணவர் காலையில் ரயில் ஏறிவிடுவார். அம்மா, அக்கா, பழைய தெரு எல்லாம் எங்கோ தூரத்தில். 1938இல் ஸ்டீஃபன் டெய்லர் என்ற மருத்துவர் 'லான்செட்' இதழில் இந்தப் பெண்களின் மனச்சோர்வைப் பற்றி எழுதி, அதற்கு 'புறநகர் நரம்புநோய்' என்று பெயரே வைத்தார். உபிக்வேயின் கடிதம் அதற்கு மூன்று வருஷம் முந்தையது. டாக்டர் நோய்க்குப் பெயர் வைக்கும் முன்பே நோயாளிகள் வைத்தியத்தை ஆரம்பித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் நான் தோண்டியதற்குக் காரணம் உண்டு. எங்கள் அடுக்ககத்தில் ஒன்பது பெண்கள் சேர்ந்து ஒரு எழுத்து வட்டம் வைத்திருக்கிறோம். மாசத்தில் இரண்டு சனிக்கிழமை. ஒரு பக்கம் எழுதி வந்து வாசிக்கவேண்டும், சொந்தக் கதையாக இருக்கவேண்டும். வாசிக்கும்போது யாரும் குறுக்கே பேசக்கூடாது, வாசித்தபின் அறிவுரை சொல்லக்கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். இருபது வருஷமாக கோட் ரிவ்யூ செய்து பழகிய எனக்குத் திருத்தாமல் கேட்பதே புதுப் பயிற்சி. இப்போது ஒருத்தர், 'இதையெல்லாம் புத்தகமா போட்டா என்ன?' என்று கேட்டுவிட்டார். பாதிப் பேருக்கு ஆசை, பாதிப் பேருக்கு பயம். எங்களில் மூத்தவர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற அக்கா, சொன்னார்: "புத்தகம்னா நான் வேற மாதிரி எழுதியிருப்பேன்மா." அந்த ஒரு வாக்கியத்தோடு அன்றைய கூட்டமே நின்றுபோனது.

புத்தகமாக வருவது தப்பா? அதற்கும் வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. சிசிசிக்கு 20 வருஷம் முன்பு, அதே இங்கிலாந்தில், 1883இல் தொடங்கிய பெண்கள் கூட்டுறவு கில்டு என்ற அமைப்பு இருந்தது. உறுப்பினர்கள் பெரும்பாலும் தொழிலாளர் குடும்பத்து மனைவிகள். மார்கரெட் லெவலின் டேவிஸ் 1889 முதல் 1921 வரை அதன் பொதுச் செயலாளர். 1911 காப்பீட்டுச் சட்டத்தில் பிரசவத்துக்கு 30 ஷில்லிங் உதவித்தொகை வந்தது. ஆனால் பணம் கணவர் கைக்குப் போனது. கில்டு போராடி, 1913 திருத்தத்தில் அதைத் தாயின் பணமாக்கியது. அதோடு விடவில்லை. உங்கள் பிரசவ அனுபவங்களை நீங்களே எழுதி அனுப்புங்கள் என்று உறுப்பினர்களைக் கேட்டது. வந்த கடிதங்களில் 160ஐ 1915இல் 'மெட்டர்னிட்டி' என்ற புத்தகமாகப் போட்டார்கள்.

அதில் எழுதியவர்களின் பெயர் இல்லை. பதிலாகக் கடிதத்தின் கீழே கணவரின் வாரக் கூலி, எத்தனை குழந்தைகள், எத்தனை கருச்சிதைவு என்ற கணக்குதான். பிரசவம் முடிந்த கையோடு துணி துவைக்க எழுந்தது, சாப்பாட்டைக் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டுத் தான் பட்டினி கிடந்தது எல்லாம் அவர்கள் கையாலேயே எழுதியவை. 1918இல் தாய் சேய் நலச் சட்டம் வந்தது. அதற்கான நெருக்குதலில் இந்தக் கடிதங்களுக்கும் பங்கு உண்டு.

ஆக, ஒரு வட்டம் வெளியே போகாமல் 55 வருஷம் நீடித்தது. இன்னொன்று வெளியே போய்ச் சட்டத்தை மாற்ற உதவியது. எது சரி என்று கேட்டால் இரண்டும் என்பேன். இரண்டிலும் பொதுவாக இருப்பதைப் பாருங்கள். யாரிடம் சொல்கிறோம் என்பது எழுதும்போதே தெரிந்திருந்தது. கில்டு பெண்கள் தங்கள் சொந்த அமைப்பு கேட்டது என்று தெரிந்து எழுதினார்கள். சிசிசி பெண்கள் இந்த 24 பேர் மட்டும் என்று தெரிந்து எழுதினார்கள். பெயரை மறைத்ததும் வெட்கத்தால் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊர், மாமியார், கணவரின் உத்தியோகம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் பேச ஒரு இடம் வேண்டியிருந்தது.

எங்கள் அக்கா சொன்னதும் இதைத்தான். எங்கள் தொழிலில் லாக் என்று ஒன்று உண்டு, ரிலீஸ் நோட் என்று ஒன்று உண்டு. லாகில் உள்ளே நடந்தது நடந்தபடி இருக்கும், வெளியே போகிற குறிப்பில் சொல்லத்தக்கது மட்டும். வெளியே போகும் என்று தெரிந்தால் லாகையும் அலங்கரிக்க ஆரம்பித்துவிடுவோம். அப்புறம் அதை வைத்து ஒரு பிழையையும் கண்டுபிடிக்க முடியாது.

அப்படியானால் சிசிசியைப் பற்றி நமக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். எஞ்சிய தாள்கள் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் மாஸ் அப்சர்வேஷன் ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. 1937இல் ஆரம்பித்து, சாதாரண மக்களை நாட்குறிப்பு எழுதவைத்துச் சேகரித்த திட்டத்தின் காப்பகம் அது. அங்கே ஜென்னா பெய்லி என்ற ஆய்வு மாணவி இந்தத் தாள்களைப் படித்து, உயிரோடிருந்த உறுப்பினர்களையும் குடும்பத்தினரையும் தேடிப் பேசி, 2007இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். அந்தப் பெண்கள் அதிலும் தங்கள் புனைபெயர்களில்தான் பேசுகிறார்கள். முதலில் வட்டம், பல பத்தாண்டு கழித்துக் காப்பகம், பிறகு கேட்டுக்கொண்டு புத்தகம். இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அடுத்த சனிக்கிழமை நான் மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். இதுவரை வாசித்தது எதுவும் புத்தகத்துக்குப் போகாது. புத்தகத்துக்கு எழுத விரும்புகிறவர்கள் அதற்கென்று தனியாக, புதிதாக எழுதட்டும். பழைய தாள்களை ஒரு பெட்டியில் போட்டு, அவரவர் உறையின் மேல் எத்தனை வருஷம் கழித்து யார் பிரிக்கலாம் என்று எழுதி வைப்போம். 'யாரும் பிரிக்கவேண்டாம்' என்று எழுதவும் உரிமை உண்டு.

அக்காவிடம் இதை லிஃப்டில் வைத்தே சொல்லிவிட்டேன். "பெட்டிக்குப் பூட்டு இருக்குமா?" என்று கேட்டார். வாங்கி வைத்திருக்கிறேன்.