நாக்கு பாஸ் போட்ட வைன்

1980களின் தொடக்கம். மேற்கு ஜெர்மனியில் ஏதோ ஒரு சூப்பர் மார்க்கெட். அலமாரியில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த இனிப்பு வெள்ளை வைன். விலை ரொம்ப மலிவு. ஆனா லேபிளில் இருக்கிற தரப்பெயரோ 'அவுஸ்லேசெ', 'பேரன்அவுஸ்லேசெ' மாதிரி பெரிய பெயர்கள். ரேஷன் விலைக்கு சீரகச் சம்பா கிடைச்ச மாதிரின்னு வச்சுக்கோங்க.

எப்படிக் கட்டுப்படியாகுதுன்னு யாராவது கேட்டிருக்கணும். வருஷக்கணக்கா யாரும் கேட்கலை.

(டாக்டர் ஏன் வைன் கதை பேசுறார்னு பார்க்காதீங்க. குடிங்கன்னு சொல்ல வரலை. இது கிட்னி பத்தின கதை. கடைசி வரைக்கும் படிங்க, நம்ம வீட்டு அலமாரி வரைக்கும் வரும்.)

முதல்ல அந்தத் தரப்பெயர் எப்படிக் கிடைக்குதுன்னு பார்ப்போம். ஜெர்மனி, ஆஸ்திரியா ரெண்டு நாட்டிலும் அறுவடை நாளில் திராட்சைச் சாறில் இயற்கையா எவ்வளவு சர்க்கரை இருக்குங்கிறதுதான் முக்கிய அளவுகோல். பழத்தைப் பறிக்காமல் இலையுதிர் காலம் வரை கொடியிலேயே விடுவாங்க. ஏரிப்பக்கப் பனிமூட்டத்தில் ஒரு வகைப் பூஞ்சை பழத்தின் மேல் வளரும். பழம் சுருங்கும், தண்ணீர் போகும், இனிப்பு மட்டும் திரண்டு நிற்கும். சாறு கொஞ்சம்தான் தேறும், அதனால விலை அதிகம். ஆஸ்திரியாவின் புர்கன்லாந்து பகுதி இதுக்குப் பேர்போன இடம்.

வெயில் சரியா அடிக்காத வருஷத்தில் இந்த இனிப்பு வராது. ஆனா ஜெர்மனியின் பெரிய கொள்முதல்காரர்களுக்கு வருஷா வருஷம் இவ்வளவு லிட்டர், இவ்வளவு மலிவுன்னு ஒப்பந்தம் போட்டாச்சு. சர்க்கரையை அள்ளிப் போட்டா சட்டவிரோதம், ஆய்வகத்திலும் மாட்டிக்குவாங்க.

அப்போ சில வைன் வியாபாரிகளுக்குக் கிடைச்ச குறுக்கு வழிதான் டை எத்திலீன் கிளைக்கால். நிறமில்லை, வாசனையில்லை, இனிப்பா இருக்கும், கொஞ்சம் கொழகொழன்னு இருக்கும். அந்தக் கொழகொழப்புதான் இங்கே விஷயமே. நல்ல இனிப்பு வைன் நாக்கில் படர்ந்து கனமா நிற்கும். சர்க்கரைத் தண்ணியால அந்தக் கனத்தைக் கொடுக்க முடியாது, இந்த ரசாயனத்தால முடியும். சர்க்கரை கலப்படத்தைத் தேடுற சோதனையிலும் அது சிக்காது.

வாங்கினவங்க, வித்தவங்க, குடிச்சவங்க எல்லாருடைய நாக்கையும் அது தாண்டிப் போச்சு. நாக்கைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. இனிப்பும் கனமும் இருக்கான்னுதான் நாக்கைக் கேட்டாங்க. 'இருக்கு'ன்னு அது உண்மையைத்தான் சொல்லுச்சு.

1984 டிசம்பரில் யாரோ ஒருத்தர் பெயர் சொல்லாமல் ஆஸ்திரிய அரசின் ஆய்வகத்தில் இந்த ரசாயனத்தின் மாதிரியைக் கொடுத்து, 'இதைத்தான் வைனில் கலக்குறாங்க'ன்னு சொல்லிட்டுப் போனார். எதைத் தேடணும்னு தெரிஞ்ச பிறகு கண்டுபிடிக்கிறது பெரிய வேலையா இருக்கலை. 1985 ஜூலை 9 அன்று மேற்கு ஜெர்மனியின் சுகாதார அமைச்சகம் ஆஸ்திரிய வைன் குடிக்க வேண்டாம்னு எச்சரிக்கை விட்டது. 1981ஆம் வருஷத்து பேரன்அவுஸ்லேசெ ஒன்றில் லிட்டருக்கு 48 கிராம் இருந்தது. ஒரே ஆள் அந்த பாட்டிலை முழுசாக் குடிச்சா உயிருக்கே ஆபத்தாகக்கூடிய அளவு.

பத்திரிகைகள் எல்லாம் 'காரில் ஊத்துற ஆன்டிஃப்ரீஸ்'னு எழுதின. ஆன்டிஃப்ரீஸில் வழக்கமா இருக்கிறது எத்திலீன் கிளைக்கால். இது அதோட பங்காளி. ரெண்டும் விஷம்தான், ஆனா ஒண்ணில்லை.

டை எத்திலீன் கிளைக்கால் உடம்புக்குள்ள போனா என்ன ஆகும்? முதல்ல வாந்தி, வயித்து வலி, மயக்கம். கல்லீரல் இதை உடைக்கும்போது வர்ற டைகிளைக்காலிக் அமிலம் சிறுநீரகக் குழாய்களின் செல்களைக் கொல்லும். ஓரிரு நாளில் சிறுநீர் குறையும், அப்புறம் நின்னே போகும். பிழைக்கிறவங்களிலும் சிலருக்கு நரம்பு பாதிக்கும், முகம் கோணும்.

ஆஸ்திரிய வைனால் இறப்பு எதுவும் பதிவாகலை. பெரும்பாலான பாட்டில்களில் அளவு குறைவு. இன்னொரு காரணமும் இருக்கலாம். இந்த விஷத்தை உடைக்கிற அதே நொதிதான் சாதாரண மதுவையும் உடைக்குது. மது கூடவே இருந்தா நொதி அதைப் பிடிச்சுக்கும், விஷம் உடையறது தள்ளிப்போகும். மெத்தனால் விஷத்துக்கு எத்தனாலையே முறிமருந்தாக் கொடுக்கிறோமே, அதே கணக்குதான். விஷத்தோடு முறிமருந்தும் ஒரே பாட்டிலில் இருந்திருக்கு.

அடுத்த வருஷம் இத்தாலிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1986 மார்ச்சில் அங்கே சாதாரண ஜனங்கள் தினமும் சாப்பாட்டோட குடிக்கிற மலிவு வைனில், போதை அளவைக் கூட்டிக் காட்ட மெத்தனாலைக் கலந்தாங்க. 20க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க, பலருக்குப் பார்வை போச்சு. கள்ளக்குறிச்சியில் 2024இல் நாம பார்த்ததும் இதே மெத்தனால்தான். நாக்குக்கு இதுவும் தெரியாது.

ஆஸ்திரியா 1985லேயே ஐரோப்பாவின் மிகக் கடுமையான வைன் சட்டங்களில் ஒண்ணைக் கொண்டு வந்தது. தரமான வைன்னு பெயர் வேணும்னா முதல்ல ரசாயனச் சோதனை, அப்புறம் சுவைக் குழுவின் சோதனை. ரெண்டிலும் தேறினாத்தான் அரசு எண் கிடைக்கும். ஏற்றுமதி கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்காச் சுருங்கினது. பழைய நிலைக்கு வர 2001 ஆச்சு. பறிமுதல் பண்ணின வைன் லட்சக்கணக்கான லிட்டர் சிமென்ட் ஆலைச் சூளைக்குப் போனது. இதில் ஒரு தப்பும் பண்ணாத ஆஸ்திரேலியாவும் மாட்டிக்கிட்டது. பெயர்க் குழப்பத்தில் ஜப்பானில் அவங்க வைனையும் அலமாரியிலிருந்து எடுத்தாங்க!

இப்போ நம்ம கதை.

1937இல் அமெரிக்காவில் ஒரு சல்ஃபா மருந்தை இந்த டை எத்திலீன் கிளைக்காலில் கரைச்சு, ராஸ்பெர்ரி வாசனை சேர்த்து வித்தாங்க. அந்த நிறுவனம் சோதிச்சது மூணே விஷயம்: சுவை, மணம், தோற்றம். மூணிலும் பாஸ். 105 பேர் இறந்தாங்க, அதில் 34 பேர் குழந்தைகள். மருந்தை விற்பனைக்கு விடுறதுக்கு முன்னாடியே பாதுகாப்பை நிரூபிக்கணும்னு 1938இல் அங்கே சட்டம் வந்தது அதுக்கப்புறம்தான்.

அப்புறமும் நிற்கலை. 1973இல் சென்னையில் 14 குழந்தைகள். 1986இல் மும்பையில், கலப்படக் கிளிசரின் கொடுக்கப்பட்ட 14 நோயாளிகள். 2022இல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள். சிந்த்வாராவில் கொடுத்த அந்த இருமல் மருந்து நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாடு அரசு ஆய்வகம் சோதிச்சப்போ அதில் இருந்த டை எத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். அனுமதிக்கப்படுற உச்ச அளவு 0.1 சதவீதம். ஆஸ்திரியாவை நாறடிச்ச அந்த மோசமான பாட்டிலில்கூட 5 சதவீதத்துக்கும் கீழேதான்.

நம்ம வீடுகளில் குழந்தைக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு சொட்டை நாக்கில் வச்சுப் பார்க்கிற அம்மாக்கள் உண்டு. கசந்தா துப்பிடுவானேங்கிற அக்கறைதான். ஆனா அந்தச் சொட்டில் இந்த விஷம் தெரியாது, இனிப்பாத்தான் இருக்கும்.

2 வயசுக்குக் கீழே இருமல், சளி மருந்து கொடுக்காதீங்க. 5 வயசு வரைக்கும் டாக்டர் பார்க்காமல் வேண்டாம். பழைய சீட்டை வச்சு நீங்களா வாங்காதீங்க. எந்த சிரப் கொடுத்த பிறகும் குழந்தை வாந்தி எடுத்து, ஆறேழு மணி நேரமா ஒண்ணுக்குப் போகலைன்னா விடியட்டும்னு காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வாங்க. வரும்போது அந்த பாட்டிலையும் மறக்காமல் எடுத்துட்டு வாங்க.