கன்னியாகுமரிச் சாலை காட்டைக் கடந்த கதை

மதுரையில் நான்குவழிச் சாலை ஏறி வடக்கே திரும்பினால், சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர் என்று ஊர்கள் மாறுமே தவிர சாலையின் எண் மாறாது. தேசிய நெடுஞ்சாலை 44. தெற்கு முனை கன்னியாகுமரி, வடக்கு முனை ஸ்ரீநகர், நீளம் ஏறக்குறைய 3,700 கிலோமீட்டர். எண்கள் மாற்றப்பட்ட 2010க்கு முன் நமக்கு இது ஏழாம் எண் சாலை. அப்போது அது வாரணாசியிலிருந்து வந்து கன்னியாகுமரியில் முடிந்தது.

இந்தச் சாலைக்குப் பெரிய சோதனை நாக்பூருக்கு வடக்கே, மான்சர் தாண்டி சிவனி போகும் வழியில் வந்தது. இருபுறமும் தேக்கங்காடு. மத்தியப் பிரதேசப் பக்கம் 1992இலும் மகாராஷ்டிரப் பக்கம் 1999இலும் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பெஞ்ச் வனம் அது. இருவழியாக இருந்தவரை, இரவில் லாரிகள் ஓய்ந்த நேரம் பார்த்து விலங்குகள் கடந்துகொண்டிருந்தன. அதை நான்கு வழியாக்க வேண்டும் என்ற திட்டம் வந்ததும் சிக்கல் தொடங்கியது.

காட்டுச் சாலை என்றாலே வண்டியில் அடிபட்டுச் சாகும் விலங்குகள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அதைவிடப் பெரிய சேதம் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சத்துக்கும் இரைச்சலுக்கும் அஞ்சி, சாலைப் பக்கமே வராமல் திரும்பிவிடும் விலங்கு எந்த விபத்துக் கணக்கிலும் சேராது. இளம் ஆண்புலி தாயைப் பிரிந்ததும் தனக்கென்று ஓர் எல்லையைத் தேடி வெகுதூரம் நடக்கும். மற்றொரு புலிக்காடான கான்ஹாவுக்கும் பெஞ்சுக்கும் இடையே எஞ்சியிருக்கும் காடுகள் வழியாகத்தான் இரு வனத்துப் புலிகளும் இன்னும் கலக்கின்றன என்று 2013இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. அந்த நடை நின்றால் ஒவ்வொரு காட்டுப் புலியும் தன் உறவுக்குள்ளேயே இனம் பெருக்கும். துப்பாக்கிச் சத்தம் இல்லாமலே சில தலைமுறைகளில் அந்தக் கூட்டம் நலிந்துவிடும்.

இந்தச் சாலையை அகலப்படுத்துவது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை என்று பல ஆண்டுகள் அலைந்தது. சாலையைச் சிந்துவாரா வழியாகத் திருப்பலாம் என்ற யோசனையும் வந்தது, அது நடக்கவில்லை. டேராடூனின் இந்திய வனஉயிரின நிறுவனம் விலங்குகள் கடக்கும் இடங்களை ஆராய்ந்து, அங்கெல்லாம் சாலையைத் தூக்கிக் கட்டச் சொன்னது. செலவைக் காரணம் காட்டி நெடுஞ்சாலை ஆணையம் தயங்கியது. இழுபறிக்குப் பிறகு, மகாராஷ்டிரப் பகுதியில் காப்பகத்தை ஒட்டிய சுமார் 16 கிலோமீட்டரில் ஒன்பது இடங்களில் சாலை மேலே ஏறியது. விலங்குகளுக்கான கீழ்ப்பாதைகள் ஐந்து, சிறு பாலங்கள் நான்கு. மிகச் சிறியது 50 மீட்டர்; மிக நீளமானது 750 மீட்டர்.

இந்த நீளம்தான் முக்கியம். குறுகிய குழாய்ப் பாலத்துக்குள் மான் நுழையத் தயங்கும். மறுபுறம் வெளிச்சமும் செடிகொடிகளும் தெரிந்தால்தான் நம்பிக் காலெடுத்து வைக்கும். 750 மீட்டர் பாலத்தின் அடியில் காடு அறுபடாமல் தொடர முடிகிறது.

கட்டியதோடு விட்டுவிடாமல் அளந்தும் பார்த்தார்கள். 2019 மார்ச் முதல் டிசம்பர் வரை பாலங்களின் அடியில் தானியங்கிக் கேமராக்களை வைத்தார்கள். 18 வகைக் காட்டு விலங்குகள் 5,450 படங்களில் பதிவாயின. அதிகம் வந்தவை புள்ளிமான்கள். இரை போன வழியில் புலியும் வந்தது: உடல் வரிகளை ஒப்பிட்டதில் 11 தனித்தனிப் புலிகள் 89 முறை கீழ்ப்பாதைகளைப் பயன்படுத்தியது தெரிந்தது. இந்த நாட்டில் சாலைக்கும் காட்டுக்கும் நடந்த வழக்குகளில் இவ்வளவு தெளிவான சாட்சி அபூர்வம். மத்தியப் பிரதேசப் பகுதியிலும் பிறகு கீழ்ப்பாதைகள் வந்தன. வண்டி வெளிச்சத்தையும் இரைச்சலையும் தடுக்க நான்கு மீட்டர் உயரத் தடுப்புகளும் எழுந்தன.

பாலம் இருந்தால் எந்தக் காட்டையும் வெட்டலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. காட்டைச் சுற்றிப் போவதே முதல் வழி. அது முடியவே முடியாதபோதுதான் பாலம். கட்டிய பாலத்தின் அடியிலும் கடை, குப்பை, மேய்ச்சல், நாய்கள் வராமல் ஆண்டாண்டுக்கும் காக்க வேண்டும். இல்லையென்றால் கோடிகள் செலவழித்தது கான்கிரீட்டுக்கு மட்டுமே ஆகும்.

இதே 44ஆம் எண் சாலை தெற்கே வரும்போது, ஒசூர் அருகே பேரண்டப்பள்ளியில் சானமாவு காட்டை ஒட்டி ஓடுகிறது. ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளிலிருந்து வரும் யானைக் கூட்டங்கள் அங்கே சாலையைக் கடக்கும்போது, வனத்துறை ஊழியர்கள் வண்டிகளை நிறுத்தி வழிவிட்டிருக்கிறார்கள். பெஞ்சில் புலிக்கு முடிந்தது இங்கே யானைக்கு முடியாதா? உங்கள் மாவட்டத்தில் காட்டோரச் சாலையை அகலப்படுத்தும் திட்டம் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வந்தால் எழுந்து நின்று கேளுங்கள்: விலங்குகள் எங்கே கடக்கின்றன என்று ஆராய்ந்தீர்களா, அங்கே சாலை மேலே ஏறுகிறதா? டெண்டர் விட்ட பிறகு கேட்டால் பதில் வர பல ஆண்டுகள் ஆகும்.