தேசவழமையில் பெண்ணின் சொத்துரிமை

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை, ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் எழுத்துருப் பெற்றது. காரைநகர், ஊர்காவற்றுறை, நெடுந்தீவு உள்ளிட்ட வட பகுதித் தமிழருக்கு இது பொருந்தும். சீதனமாக வந்த காணியும் வீடும் பெண்ணுக்கே உரியவை. தெற்காசியாவில் இது பெருமைக்குரிய மரபு. ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி மனைவி தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடுவைக்கவோ முடியாதெனக் கட்டுப்படுத்தியது. கணவன் சொத்துக்கு இக்கட்டுப்பாடு இல்லை.

உள்நாட்டுப் போருக்குப் பின் இக்கட்டுப்பாட்டின் கொடுமை வெளிப்பட்டது. காணாமற்போனவரின் மனைவி சம்மதத்தை யாரிடம் கேட்பாள்? இருப்பிடம் தெரியாத கணவனுக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றம் அனுமதி தரலாம். அதற்கு வழக்குச் செலவும் அலைச்சலும் உண்டு. 2016இல் வந்த காணாமற்போனோர் சான்றிதழ் ஓரளவு உதவியது.

பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 1981இல் ஏற்புறுதி செய்தது; சம்மத விதி அதற்கு முரணானது. போரால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு வெளிநாட்டு நிதியில் தையல் இயந்திரமும் கோழிக்குஞ்சும் கொடுப்பது நல்லதே. தன் காணியை ஈடுவைத்துத் தொழில் தொடங்கும் உரிமை அதைவிடப் பெரிது. சம்மத விதி நீக்கப்பட வேண்டும்.