நவம்பர் 1971: கோலாலம்பூரில் கூடிய ஐவர்

அரசுக்கு வேண்டிய உறுப்புகளை வகுத்த திருவள்ளுவர், அரணைப் பற்றிப் பேச ஓர் அதிகாரம் அமைத்தார். நட்பைப் பற்றிப் பேசவோ நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்கள் அவருக்கு வேண்டியிருந்தன. மதில் எழுப்புவதைக் காட்டிலும் நட்பை அமைப்பது அரிது என்பது இவ்வைப்பு முறையாலேயே விளங்கும். தனி மனிதருக்கு மட்டுமன்றி நாடுகளுக்கும் இஃது ஒக்கும். சிறிய நாடுகள் சில, வல்லரசுகளின் இடையே, ஒரு குறுகிய கடல்வழியின் கரைகளில் வாழ நேரும்போது தம்மை எவ்வாறு காத்துக்கொள்வது? அரணாலா, நட்பாலா? இவ்வினாவுக்குத் தென்கிழக்காசிய நாடுகள் விடை தேடிய காலங்களுள் தலையாயது 1971-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள். அத்தேடலுக்குக் களமாய் அமைந்த நகரம் கோலாலம்பூர். அங்குக் கையொப்பமிட்ட ஐவருள் ஒருவர் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையிற் பிறந்த தமிழர். ஆதலின் இந்நிகழ்ச்சியைத் தமிழ் மக்கள் அறிந்திருத்தல் தகும்.

பகை சூழ்ந்த தொடக்கம்

1961-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் மலாயா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் ஆகிய மூன்று நாடுகளும் பாங்காக்கில் கூடித் தென்கிழக்காசியச் சங்கம் என்னும் அமைப்பை நிறுவின. துங்கு அப்துல் ரகுமான் இம்முயற்சியில் முன்னின்றவர். ஆயினும் அது வேரூன்றுமுன் புயல் எழுந்தது. 1963-இல் மலேசியா அமைவதை இந்தோனேசியா எதிர்த்து மோதற் கொள்கையை மேற்கொண்டது. பிலிப்பைன்ஸ் சபா மாநிலத்தின்மீது உரிமை கோரியது. 1965 ஆகஸ்டு 9-ஆம் நாள் சிங்கப்பூர் மலேசியாவினின்று பிரிந்தது. அண்டை வீட்டார் அனைவரும் ஒருவரையொருவர் ஐயுற்ற காலம் அது.

மோதல் 1966 ஆகஸ்டில் முடிந்தது. அதற்கடுத்த ஆண்டே, 1967 ஆகஸ்டு 8-ஆம் நாள், இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் பாங்காக்கில் ஆசியான் அமைப்பைத் தோற்றுவித்தன. நேற்றுவரை போரிட்டவர் இன்று ஒரே மேசையில் அமர்ந்தனர். எனினும் மனப்புண் ஆறிவிடவில்லை. மறு ஆண்டே சபா பூசல் மீண்டும் எழுந்து, மலேசியாவுக்கும் பிலிப்பைன்சுக்கும் இடையே தூதுறவு தடைப்பட்டது. 1969 இறுதியிலேதான் அது மீண்டது.

வெளியிலும் நிலை மாறிக்கொண்டிருந்தது. சூயசுக்குக் கிழக்கேயுள்ள தன் படைகளை 1971 இறுதிக்குள் திரும்பப் பெறப் போவதாகப் பிரிட்டன் 1968 ஜனவரியில் அறிவித்தது. ஆசிய நாடுகள் தம் பாதுகாப்பில் தாமே பெரும்பொறுப்பு ஏற்க வேண்டும் என அமெரிக்கத் தலைவர் நிக்சன் 1969-இல் குவாம் தீவில் கூறினார். 1971 அக்டோபர் 25-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அவையில் சீனத்துக்குரிய இடம் மக்கள் சீனக் குடியரசுக்கு அளிக்கப்பட்டது. பழைய காவலர் விடைபெற, புதிய வல்லரசு வாயிலில் நின்றது.

ஒரே திங்களில் மூன்று ஆவணங்கள்

இந்நிலையில் நவம்பர்த் திங்கள் பிறந்தது. அத்திங்களில் மலேசியா தொடர்பான மூன்று ஏற்பாடுகள் அடுத்தடுத்து வெளிவந்தன. இவற்றைத் தனித்தனியே நோக்குவார் ஒன்றுக்கொன்று முரண் என்பர். சேர்த்து நோக்கின் உண்மை புலனாகும்.

முதலாவது, நவம்பர் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த ஐந்நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு. மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவை இதில் பங்கு கொண்டன. மலேசியாவோ சிங்கப்பூரோ தாக்கப்படின் ஐந்து நாடுகளும் உடனே கலந்தாய வேண்டும் என்பது இதன் உட்கிடை. கலந்தாய்தலே கடமை, படை அனுப்புதல் கட்டாயமன்று.

இரண்டாவது, நவம்பர் 16-ஆம் நாள் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் மலாக்கா நீரிணை குறித்து வெளியிட்ட கூட்டறிக்கை. அந்நீரிணையில் கப்பற் போக்குவரவின் பாதுகாப்பு கரையோர நாடுகளின் பொறுப்பு என்று அவை உரைத்தன. அஃது அனைத்துலக நீரிணை அன்று என இந்தோனேசியாவும் மலேசியாவும் உடன்பட்டன. கப்பல் வாணிகமே உயிர்நாடியாகிய சிங்கப்பூர், அவ்விருவர் நிலையைக் குறித்துக்கொள்வதாக மட்டும் கூறி அமைந்தது.

மூன்றாவது, நவம்பர் 27-ஆம் நாள் கோலாலம்பூர்ப் பிரகடனம். தென்கிழக்காசியா அமைதியும் விடுதலையும் நடுநிலையும் உடைய வட்டாரமாக விளங்க வேண்டும், வெளி வல்லரசுகளின் தலையீடு எவ்வகையிலும் ஆகாது என்பது அதன் சாரம்.

முதல் ஆவணம் அரண், இரண்டாவது வழி, மூன்றாவது நட்பு. அரணை இடித்துவிட்டு நட்பை நாடவில்லை. நட்பை நம்பாது அரணுக்குள் ஒடுங்கவும் இல்லை. சிறுநாடுகளின் அறிவுடைமை இதுவே என்னலாம்.

கையொப்பமிட்ட ஐவர்

தலைமை அமைச்சர் பொறுப்போடு வெளியுறவுப் பொறுப்பையும் தாங்கியிருந்த துன் அப்துல் ரசாக் கூட்டத்துக்கு விருந்தோம்பினார். இந்தோனேசியாவிலிருந்து ஆதம் மாலிக், பிலிப்பைன்சிலிருந்து கார்லோஸ் ரோமுலோ, சிங்கப்பூரிலிருந்து சி. இராஜரத்தினம், தாய்லாந்திலிருந்து தனாட் கோமான் ஆகியோர் வந்தனர். தாய்லாந்தில் பத்து நாள்களுக்கு முன்புதான் ஆட்சி கவிழ்ந்து நாடாளுமன்றம் கலைக்கப்பட்டிருந்தது; ஆதலின் தனாட் கோமான் அமைச்சராக அன்றி, ஆட்சிக் குழுவின் தனித் தூதராகவே ஒப்பமிட்டார். ஆதம் மாலிக் அவ்வாண்டு ஐக்கிய நாடுகள் பொதுப் பேரவையின் தலைவர்; ரோமுலோ 1949-இல் அதே இருக்கையை அணிசெய்தவர்.

இவருள் மூவர் செய்தித்தாள் துறையில் வளர்ந்தவர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஆதம் மாலிக் 1937-இல் அந்தாரா செய்தி நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். ரோமுலோ 1942-இல் புலிட்சர் பரிசு பெற்றவர். 1915-இல் பிறந்த இராஜரத்தினம் சிரம்பானில் வளர்ந்து, கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்தில் பயின்று, பின்னர் இலண்டனுக்குச் சட்டம் பயிலச் சென்றவர். திரும்பி வந்து மலாயா டிரிபியூன் முதலிய இதழ்களில் எழுதினார். அவர் தந்தையார் ரப்பர்த் தோட்டத்தில் மேற்பார்வைப் பணி செய்தவர். தோட்டச் சூழலில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, தாம் பயின்ற அதே நகருக்கு மற்றொரு நாட்டின் அமைச்சராக வந்து கையொப்பமிட்டது காலத்தின் கோலம்.

சொற்களின் எடை

எழுத்தாளர் கூடிய அவையில் சொற்கள் எடையிடப்பட்டதில் வியப்பில்லை. அமெரிக்கா, சோவியத்து ஒன்றியம், சீனம் ஆகிய மூன்று வல்லரசுகளும் தென்கிழக்காசியாவின் நடுநிலைக்கு உறுதி அளிக்க வேண்டும் என்பது மலேசியாவின் கருத்து. 1968-இல் துன் டாக்டர் இஸ்மாயில் நாடாளுமன்றத்தில் விதைத்ததும், 1970-இல் லுசாகா அணிசேரா மாநாட்டில் மலேசியா எடுத்துரைத்ததும் இதுவே.

மற்றவர் இதனை அவ்வாறே ஏற்றாரல்லர். வட்டாரத்தின் பாதுகாப்பை வல்லரசுகளின் உறுதிமொழியில் தொங்கவிடுவதை இந்தோனேசியா விரும்பவில்லை. ஒவ்வொரு நாட்டின் உள்வலிமையே அரண் என அது கருதியது. பிலிப்பைன்சிலும் தாய்லாந்திலும் அமெரிக்கப் படைத்தளங்கள் இருந்தன. வல்லரசுகள் பல ஒன்றையொன்று சமன்செய்து நிற்பதே சிறுநாட்டுக்குக் காப்பு என்பது சிங்கப்பூரின் நோக்கு. ஆகவே நடுநிலையாக்கம் விரும்பத்தக்க குறிக்கோள் என்று பிரகடனம் கூறியது. அமைதி வட்டாரத்துக்குப் பிறருடைய ஏற்பும் மதிப்பும் கிடைக்கத் தொடக்க முயற்சிகள் செய்வோம் என்றது. கால எல்லை இல்லை; கட்டளை இல்லை; மீறுவார்க்குத் தண்டனையும் இல்லை.

இதனைக் குறையென்பார் உளர். ஆனால் எல்லாரும் ஒப்பும் அளவுக்கே எழுதுவது என்னும் மரபு இவ்விடத்தில் வலுப்பெற்றது. அதன் விளைவுகள் மெல்லவே வந்தன. மலேசியா 1974 மே 31-ஆம் நாள் மக்கள் சீனத்துடன் தூதுறவு கொண்டது. ஆசியான் நாடுகளுள் அதுவே முதல். 1976-இல் பாலித் தீவில் நட்புறவு உடன்படிக்கை எழுந்தது. 1995-இல் அணுப்படைக்கலம் இல்லா வட்டார உடன்படிக்கை பாங்காக்கில் கையொப்பமாயிற்று.

பால்மரம் கற்பித்த பாடம்

பாதுகாப்பில் சொல்லளவாக நின்ற ஒற்றுமை, வாணிகத்தில் செயலாயிற்று. அந்நாளில் உலகில் மிகுதியாக இயற்கை ரப்பர் விளைத்த நாடு மலேசியா. அதில் ஒரு பகுதியைச் சீவிய கைகள் நம்மவர் கைகள். கிள்ளான், கோல சிலாங்கூர்ப் பகுதித் தோட்டங்களின் பால், புகைவண்டியிலும் சரக்குந்திலும் ஏறிப் போர்ட் சுவெட்டன்ஹாம் துறையை அடைந்தது. 1901-இல் திறக்கப்பெற்ற அத்துறையே 1972-இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறியது.

ஜப்பான் செயற்கை ரப்பரைப் பெருக்கி ஏற்றுமதி செய்தபோது பால்மர விலை நலியும் என்னும் அச்சம் எழுந்தது. ஒரு நாடாக முறையிட்டிருந்தால் அக்குரல் எடுபட்டிராது. ஐவரும் சேர்ந்து பேசினர். அதன் பயனாக 1973-இல் செயற்கை ரப்பர் குறித்த ஆசியான்–ஜப்பான் கலந்துரை மன்றம் அமைந்தது. இன்று ஆசியானுக்கும் ஜப்பானுக்கும் உள்ள விரிந்த உறவின் முதற்கல் இதுவே. 1977 ஆகஸ்டில் ஆசியான் தலைவர்களின் இரண்டாம் உச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றபோது, ஜப்பான், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றின் தலைமை அமைச்சர்களும் அந்நகருக்கு வந்து அவர்களுடன் பேசினர்.

இதன் தொடர்ச்சியாக 1979-இல் அனைத்துலக இயற்கை ரப்பர் ஒப்பந்தம் உருவாயிற்று. விளைப்பவரும் வாங்குபவரும் கூடி, 5,50,000 டன் வரை இருப்பு வைத்து, விலை தாழும்போது வாங்கவும் உயரும்போது விற்கவும் வகை செய்தனர். அதன் தலைமையகமும் கோலாலம்பூரே. ஆனால் 1997-இல் தொடங்கிய ஆசிய நிதி நெருக்கடியில் விலை சரிந்தபோது, இருப்பு முறை தமக்குத் துணையாகவில்லை எனக் கருதி மலேசியாவும் தாய்லாந்தும் விலகின. 1999-இல் ஒப்பந்தம் முடிவுற்றது. நலன் ஒன்றாயிருக்கும்வரை கூட்டு நிற்கும். நலன் பிரிந்தால் கூட்டும் பிரியும்.

இங்கு மற்றோர் உண்மையையும் மறத்தலாகாது. பால்வெட்டுவோரின் கூலி ரப்பர் விலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஆதலின் தொலைவில் நடந்த பேச்சுகள் அவர் அடுப்பங்கரையைத் தொட்டன. ஆயினும் பேச்சு மேசையில் அவருக்கு இடமில்லை. ஆசியான் பிறந்த மறு ஆண்டில், அஃதாவது 1968-இல், இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமை பெறாத தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் தமிழகம் திரும்பினர். சரக்குக்கு வழி திறந்த காலத்திலேயே அச்சரக்கை ஈட்டியவருக்கு வழி அடைபட்டது. பின்னர்ச் செம்பனை பெருகிப் பால்மரம் குறைந்து, கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல வீடமைப்புகளாயின. நாடுகளின் நலனைக் கணக்கிடுவோர் மக்களின் நலனையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

நீரிணை காட்டும் சான்று

இனி 1971-இன் இரண்டாம் ஆவணம் என்னாயிற்று என நோக்குவோம். மலாக்கா நீரிணையில் கடற்கொள்ளை மிகுந்தமையால், இலண்டன் கப்பற் காப்புறுதிச் சந்தையின் கூட்டுப் போர்க் குழு 2005 ஜூனில் அந்நீரிணையைப் போர் இடர் மிக்க பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. காப்புறுதிக் கட்டணம் ஏறின் சரக்கு விலை ஏறும். கிள்ளான் துறைக்கும் இழப்பு. கரையோர நாடுகள் மூன்றும் 2004-இல் தொடங்கிய கடற்காவலை வலுப்படுத்தி, 2005-இல் வான்வழிக் காவலையும் சேர்த்தன. 2006 ஆகஸ்டில் நீரிணை பட்டியலினின்று நீக்கப்பட்டது. பொறுப்பு கரையோர நாடுகளுடையது என்று 1971-இல் சொன்ன சொல், ஒரு தலைமுறை கழித்துச் செயலாயிற்று. பாதுகாப்பும் வாணிகமும் ஒரே நாணயத்தின் இருபுறங்கள் என்பதற்கு இந்நிகழ்ச்சி எடுத்துக்காட்டு.

நிறைவு

1971-இல் ஐவராயிருந்த ஆசியான், 2025 அக்டோபரில் கோலாலம்பூர் மாநாட்டில் திமோர் லெஸ்தேயைச் சேர்த்துப் பதினொருவராயிற்று. அதே மாநாட்டின்போது தாய்லாந்தும் கம்போடியாவும் எல்லைப் பூசலை நிறுத்தக் கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. டிசம்பரிலோ மீண்டும் சண்டை மூண்டது. கையொப்பம் நட்பின் தொடக்கமேயன்றி முடிவன்று.

1971-இல் ஐவரின் கூட்டுக்கு வெளியே இருந்த இந்தியாவும் பின்னர் அணுகி வந்தது. 2010 அக்டோபரில் மன்மோகன் சிங்கும் நஜிப் ரசாக்கும் பிரிக்ஃபீல்ட்ஸில் லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தனர். அடுத்த ஆண்டு இரு நாடுகளுக்கிடையே பொருளாதார ஒத்துழைப்பு ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. புகைவண்டித் தொழிலாளர் குடியிருந்த தெருவுக்கு நாட்டுத் தலைவர்கள் வந்தனர். வருகையும் வளைவும் சிறப்பே. ஆயினும் அத்தெருவின் மக்கள் வரலாற்றில் பெற வேண்டிய இடம் அலங்கார வளைவளவில் அமைவதன்று. 1971-இன் ஆவணங்களை மாணாக்கர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள், கையொப்பமிட்ட ஐவரின் பெயர்களோடு, அவர் பேசிய வாணிகத்துக்குப் பொருள் ஈட்டித் தந்த பெயரறியா மக்களையும் நினைவூட்டுவாராயின், அவ்வரலாறு முழுமை பெறும்.