தொடக்கப் பள்ளியில் அறிவியல்: வடமாலபேட்டை எல்லையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

திருப்பதியிலிருந்து புத்தூர், நகரி வழியாகச் சென்னைக்குச் செல்லும் சாலையில் அமைந்த ஊர் வடமாலபேட்டை. நம்மில் பலர் அதைப் பேருந்து சன்னல் வழியே கண்டவர்கள். இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, அதன்மேல் எழுதிய மாவட்டப் பெயரும் மாநிலப் பெயரும் மட்டும் பலமுறை மாறியுள்ளன. முதலில் வடஆர்க்காடு, 1911 முதல் சித்தூர் மாவட்டம், 1953 அக்டோபர் 1 முதல் ஆந்திர மாநிலம், 1956 நவம்பர் 1 முதல் ஆந்திரப் பிரதேசம், 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டம். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, புத்தூர், நகரிப் பகுதிகள் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டன.

எல்லைப் போராட்டத்தின் வரலாற்றை அறிஞர் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் இங்கு எடுத்துக்கொள்வது சின்ன விஷயம்தான்: இத்தகைய ஓர் ஊரில் ஒன்றாம் வகுப்பு முதல் படிப்படியாகக் குழந்தை கற்ற அறிவியல் என்ன? அதை எந்தச் சொல்லால் கற்றது? "பிள்ளை தெலுங்கிலோ இங்கிலீஷிலோ சயன்ஸ் படிக்குது, நமக்கு என்ன தெரியும்?" என்று ஒதுங்கும் வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி சொந்தக் கேள்வியே ஆகும்.

பொருட்பாடம் முதல் வார்தா வரை

சென்னை மாகாணத் தொடக்கப் பள்ளிகளில் பழங்காலத்தில் 'அறிவியல்' என்ற பெயரில் தனிப்பாடம் இருந்ததில்லை. பொருட்பாடம், இயற்கைப் பாடம் என்ற பெயர்களில்தான் அது நுழைந்தது. ஒரு பொருளைக் குழந்தையின் கையில் கொடு, பார்க்கவிடு, தொடவிடு, பிறகு பேசச் சொல் என்பதே அதன் சாரம். சுவிட்சர்லாந்தின் பெஸ்டலாட்ஸி (1746–1827) என்னும் கல்வியாளர் வகுத்த வழியிலிருந்து இது வளர்ந்தது. ஐந்தாம் வகுப்பு வரை இப்படி. ஆறாம் வகுப்பை 'முதல் பாரம்' என்பார்கள். பாடம் பாடமாக அறிவியல் விரிவது அந்தப் பாரங்களில்தான்.

1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கல்வி மாநாடு கூடியது. அதையடுத்து ஜாகிர் உசேன் குழு ஏழாண்டு ஆதாரக் கல்விக்குப் பாடத்திட்டம் வகுத்தது. பொது அறிவியல் என்ற தலைப்பில் செடிகொடி, விலங்கு, உடல், சுகாதாரம், எளிய வேதியியல் ஆகியவற்றுடன், இரவில் திசையும் நேரமும் காட்டும் விண்மீன்களைப் பற்றிய அறிவையும் அக்குழு சேர்த்தது. கிழக்கே வெள்ளி முளைத்ததைப் பார்த்து ஏர் பூட்டிய நம் முன்னோருக்கு அது புதிய பாடமன்று. பள்ளிக்கூடம் அதைப் பாடமாக ஏற்றுக்கொண்டதுதான் புதிது.

வகுப்புக்கு வகுப்பு

விடுதலைக்குப் பின் இன்ன வகுப்பில் இன்ன அறிவியல் என்று தெளிவாகப் பேசியது கோத்தாரி ஆணையம் (1964–66). தொடக்க வகுப்புகளில் தூய்மைப் பழக்கமும், சுற்றுப்புறத்தை உற்றுநோக்கும் திறனும் வளரவேண்டும். நான்காம் வகுப்பில் ரோமன் எழுத்துகளைச் சொல்லித்தர வேண்டும். ஐந்தாம் வகுப்பில் இயற்பியல், நிலவியல், உயிரியல். ஆறாம் வகுப்பில் வேதியியல். ஏழாம் வகுப்பில் வானியல் என்று அது படிகளை அடுக்கியது. ரோமன் எழுத்து எதற்கு என்றால், உலகம் முழுதும் வழங்கும் அளவைக் குறியீடுகளைப் படிப்பதற்கு.

1975-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு வெளியிட்ட பத்தாண்டுப் பள்ளிக்கான கலைத்திட்டம் 'சுற்றுச்சூழல் கல்வி' என்ற பெயரைக் கொண்டுவந்தது. முதல் இரண்டு வகுப்புகளில் ஒரே பாடம். மூன்று முதல் ஐந்து வரை சமூகம் ஒரு பகுதி, அறிவியல் ஒரு பகுதி. பேராசிரியர் யஷ்பால் தலைமையில் உருவான 2005-ஆம் ஆண்டுக் கலைத்திட்டம் இன்னும் ஒரு படி போயிற்று. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்குத் தனிச் சுற்றுச்சூழல் புத்தகமே வேண்டாம், மொழியோடும் கணக்கோடும் கலந்து வரட்டும் என்றது. மூன்று முதல் ஐந்து வரை சமூகமும் அறிவியலும் சேர்ந்த ஒரே பாடம்.

ஆந்திரப் பள்ளிகளில் மூன்று முதல் ஐந்து வகுப்பு வரையிலான பாடத்தின் பெயர் 'பரிசரால விக்ஞானம்'. ஆறிலும் ஏழிலும் 'சாமான்ய சாஸ்திரம்'. எட்டாம் வகுப்பில் அது பௌதிக சாஸ்திரம், ஜீவ சாஸ்திரம் என இரண்டாகப் பிரியும். எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2018-க்குப் பின் வந்த நூல்களில் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்குச் 'சூழ்நிலையியல்' என்ற பாடம் உண்டு. மூன்றாம் வகுப்பிலேயே அறிவியல் தனிப் புத்தகம். நகரியில் படிக்கும் பேரனுக்கும் திருத்தணியில் படிக்கும் பேத்திக்கும் பாடம் ஏறத்தாழ ஒன்றே. அது எந்த வகுப்பில், எந்தப் பெயரில் வருகிறது என்பதில்தான் வேறுபாடு.

சொல் பிரியும் இடம்

இரு மொழிப் பாடநூல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குத் தெளிவான செய்தி ஒன்று உண்டு. கீழ்வகுப்புச் சொற்கள் உடன்பிறப்புகள். மேல்வகுப்புச் சொற்கள் அயலார்போல் நிற்கின்றன.

ஐம்புலன் பாடத்தை எடுத்துக்கொள்வோம். நமக்குக் கண், அவர்களுக்குக் 'கன்னு'. நமக்கு மூக்கு, அவர்களுக்கு 'முக்கு'. நமக்குச் செவி, அவர்களுக்கும் 'செவி'யே. பேச்சில் நாம் 'காது' என்கிறோம். தெலுங்குக் குழந்தையின் வாயில் நம் இலக்கியச் சொல் அன்றாடம் புழங்குகிறது! செடியின் பாகங்களில் வேர் அங்கே 'வேரு', பூ 'புவ்வு', வித்து 'வித்தனம்'. இங்கெல்லாம் தமிழ்த் தாய் தன் பிள்ளைக்கு உதவத் தயங்கவே வேண்டியதில்லை.

தண்டுக்கு வரும்போது பிரிவு தொடங்குகிறது, தெலுங்கில் 'காண்டம்'. ஆறாம் வகுப்பில் மழை எங்கிருந்து வருகிறது என்ற பாடம் வரும். நாம் ஆவியாதல் என்பதை அவர்கள் 'பாஷ்பீபவனம்' என்பார்கள். நம் காந்தம் 'அயஸ்காந்தம்'. ஏழாம் வகுப்பில் ஒளிச்சேர்க்கை 'கிரணஜன்ய சம்யோக கிரிய' ஆகிவிடும், பச்சையம் 'பத்ரஹரிதம்'. இந்த இடத்தில்தான் பல வீடுகளில் பேச்சு நின்றுபோகிறது. பிள்ளைக்குச் சொல் தெரியும், விளக்கத் தமிழ் வராது. அம்மாவுக்கு விஷயம் தெரியும், அந்தச் சொல் தெரியாது.

ஆனால் வரலாறு வேறொன்றும் சொல்கிறது. இந்த விலகல் தொன்றுதொட்டு வந்ததன்று. நம் தாத்தாக்கள் தமிழில் படித்ததும் பௌதிகமும் ரசாயனமும்தான். உஷ்ணம், பிராணவாயு, பூகோளம் என்று அவர்கள் எழுதிய சொற்கள் தெலுங்கிலும் அப்படியே உள்ளன. 1916-இல் ராஜாஜி முதலியோர் சேலத்தில் அறிவியல் சொற்களுக்கென அமைத்த சங்கத்தின் பெயரே 'தமிழ் சாஸ்திரீய பரிபாஷைச் சங்கம்' என்பது. அவர் எழுதிய வேதியியல் நூலின் பெயர் 'திண்ணை ரசாயனம்'. 1934-இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் தமிழ் வேரிலிருந்தே கலைச்சொல் ஆக்கவேண்டும் என்று உழைத்தது. 1940-இல் அரசு சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அமைத்த சொற்குழுவைத் தமிழறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பின்னர்ப் படிப்படியாகப் பௌதிகம் இயற்பியல் ஆயிற்று, ரசாயனம் வேதியியல் ஆயிற்று. தெலுங்குப் பாடநூல் பழைய வழியிலேயே நடந்தது.

தமிழ்ச்சொல் ஆக்கியது நல்ல பணி. 'ஒளிச்சேர்க்கை' என்ற சொல் தன் பொருளைத் தானே சொல்லிவிடுகிறது. ஆனால் அந்த வெற்றியின் நிழலில், எல்லைக்கு அப்பால் உள்ள பிள்ளைக்குத் தன் பள்ளிச்சொல் தமிழுக்கு முற்றிலும் அந்நியம் என்ற எண்ணம் வந்துவிட்டது. உண்மையில் வீட்டில் மூத்தவர் ஒருவர் இருந்தால் அவரே பாலம். "தாத்தா, ஆம்லம், க்ஷாரம்னா என்ன?" என்று பேரன் கேட்டால், "எலுமிச்சம்பழம் புளிக்குதில்ல, அது அமிலம், சுண்ணாம்புத் தண்ணி வழவழன்னு இருக்கே, அது காரம்" என்று அவர் சொல்லிவிடலாம். ஆம்லமே நம் அமிலம், க்ஷாரமே நம் காரம்.

சித்தூரிலிருந்து சென்னைக்கு

கற்பிக்கும் முறையிலும் எல்லையைத் தாண்டிய கதை ஒன்று உண்டு. அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலிப் பள்ளி உள்ளது. அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஒரே ஆசிரியர், பல வகுப்புகள் என்ற நிலை. அங்கே பத்மநாப ராவ், ராமா ஆகியோர் பாடத்தைச் சிறுசிறு அட்டைகளாகப் பிரித்து ஏணிப்படிபோல் அடுக்கினார்கள். குழந்தை தன் வேகத்தில் படியேறும். முந்தைய நாள் வராத குழந்தை விட்ட இடத்திலிருந்து தொடரும். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும்.

இந்த முறையைக் கண்டு, 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 13 பள்ளிகளில் தொடங்கிவைத்தார். 2007-08-இல் அது 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் தமிழ்நாடு முழுவதும் தொடக்க வகுப்புகளுக்குப் பரவியது. அறிவியலும் அட்டைகளாயிற்று. பிற்காலத்தில் முறைகள் மாறின. எனினும் தமிழ்நாட்டின் ஒரு தலைமுறைக் குழந்தைகள் சித்தூர் மண்ணில் முளைத்த ஏணியில் ஏறினார்கள் என்பது நாம் பெருமையோடு சொல்லத்தக்க செய்தி.

சுற்றுப்புறமே புத்தகம்

கோத்தாரி ஆணையமும் அதற்குப் பின் வந்த கலைத்திட்டங்களும் ஒன்றில் ஒத்துப்போகின்றன: அருகிலிருப்பதில் தொடங்கித் தொலைவுக்குப் போகவேண்டும். வடமாலபேட்டைக் குழந்தைக்கு அருகில் என்னதான் இல்லை?

மூன்றாம் வகுப்பின் மரப் பாடத்துக்கு மாந்தோப்பு உண்டு. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரிய செம்மரம் உண்டு. எலும்புப் பாடத்துக்குப் பக்கத்திலேயே புத்தூர். 'புத்தூர்க் கட்டு' தெரியாத தமிழ் வீடு ஏது? வளர்ந்தவர் உடலில் 206 எலும்புகள் என்று மனப்பாடம் செய்யும் பிள்ளை, முறிந்த எலும்பை அசையாமல் நிறுத்தினால் அது எப்படித் தானே கூடுகிறது என்று அங்கே கேட்கலாம். கோத்தாரி ஆணையம் ஐந்தாம் வகுப்புக்குச் சொன்ன நிலவியலுக்குத் திருமலையே சான்று. மலைப்பாதையில் பழைய கருங்கல் பாறையின்மேல் குவார்ட்சைட் என்னும் வேறு கெட்டிப் பாறை படிந்த கோடு தெரியும். இரண்டுக்கும் இடையே சுமார் 80 கோடி ஆண்டு இடைவெளி என்பர். மேலே உள்ள அப்பாறைக்கு நிலவியலார் இட்ட பெயர் 'நகரி குவார்ட்சைட்', நம் நகரிதான்! மழைப் பாடத்துக்கு, வளிமண்டலத்தை ரேடார் கொண்டு ஆராயும் காதங்கி ஆய்வுக்கூடம் திருப்பதிக்குத் தென்மேற்கே. வானியலுக்கு, 1971 முதல் ராக்கெட் ஏறும் ஸ்ரீஹரிகோட்டா அதே திருப்பதி மாவட்டத்தில்.

நம் வீட்டின் பங்கு

1956-இல் ஏழாம் திருத்தத்தால் அரசியல் சட்டத்தில் சேர்ந்த 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்வி வசதி செய்துதர முயலவேண்டும் என்று மாநிலங்களைப் பணிக்கிறது. அதற்கு முன்பே, ஒரு வகுப்பில் 10 பேர் அல்லது பள்ளியில் 40 பேர் இருந்தால் தாய்மொழி ஆசிரியர் வேண்டும் என்று 1949-இல் கல்வி அமைச்சர்கள் மாநாடு முடிவு செய்தது. இவற்றைக் கேட்டுப் பெறுவது சங்கங்களின் கடமை.

ஆனால் சட்டத்தால் முடியாத பகுதி ஒன்று உண்டு. முதல் இரண்டு வகுப்புகளில் அறிவியலுக்குப் புத்தகமே இல்லை என்றால், அந்த வயதின் அறிவியல் பேச்சில்தான் இருக்கிறது. அந்தப் பேச்சு நடப்பது பெரும்பாலும் வீட்டில். நம் வீட்டில் அது தமிழ். "ஏம்மா மூடியில தண்ணி நிக்குது?" என்று அடுப்படியில் ஐந்து வயதில் கேட்ட குழந்தைக்கு, "உள்ள இருந்து ஆவி மேல வந்துச்சு, மூடி பட்டுக் குளிர்ந்து மறுபடி தண்ணியாச்சு" என்று பதில் கிடைத்தால் போதும். ஆறாம் வகுப்பில் பாஷ்பீபவனம் வந்தாலும் அவபோரேஷன் வந்தாலும், அது ஏற்கெனவே தெரிந்த ஒன்றுக்கு இன்னொரு பெயர்தான். பதில் கிடைக்காத குழந்தைக்கு அது வெறும் மனப்பாடம்.

இவ்வாண்டு நம் சங்கத்துத் தமிழ் வகுப்புகளில் எழுத்தோடும் பாட்டோடும் ஐம்புலன், செடி, நீர், மழை, எலும்பு, விண்மீன் என்று வாரம் ஒரு பொருளைத் தமிழில் பேசவைக்கலாம் என்பது என் வேண்டுகோள். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் பிள்ளையின் பள்ளிச்சொல்லையும் எழுதிவைப்போம். தாத்தா பாட்டிகளை அழைத்து உட்காரவைப்போம். மேல்வகுப்புப் படிகளைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். முதற்படியை நம் பிள்ளைக்கு நாம்தான் போட்டுத்தர வேண்டும்.