இராசராசேச்சரத்து மாணிக்கங்கள்

நவமணிகளுள் செந்நிறத்தாற் சிறந்தது மாணிக்கம். செம்மணி, பதுமராகம் என்பன அதன் வேறு பெயர்கள். சைவ நன்மக்கட்கு இப்பெயர் செவிப்பட்ட அளவிலே நினைவில் எழுபவர் திருவாதவூரடிகள். அவர்தம் சொற்கள் மாணிக்கமெனச் சிறப்பிக்கப்பெற்றமையின் மாணிக்கவாசகர் என்னுந் திருப்பெயர் எய்தினார் என்பது புராண வழக்கு. மண்ணிற் பிறந்த ஒரு கல்லின் பெயர் அருளாசிரியர் ஒருவர்க்கு அமைந்தது எப்பொருத்தம் பற்றி? ஒளியுடைமை பற்றி என்பர் பலர். அஃது உண்மையே. எனினும், மணிகளின் பழைய வரலாற்றை ஆராயுமிடத்து வேறொரு பொருத்தமும் புலனாகும்.

மணிகளின் பிறப்பைக் கூறும் புராணங்கள், வலன் என்னும் அசுரன் உடல் வேள்வியில் வீழ்ந்தபோது அவன் உறுப்புக்களே மணிகளாயின என்றும், குருதி மாணிக்கமாயிற்று என்றும் உரைக்கும். பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்து மாணிக்கம் விற்ற படலத்தில் இவ்வரலாறு வருகின்றது. வேட்டைக்குச் சென்ற வீரபாண்டியன் புலியால் மாண்டான். முடியும் மணிகளும் களவு போயின. இளங்குமரனுக்கு முடிசூட்ட வழியின்றி அமைச்சர் வருந்தி நின்றபோது, சோமசுந்தரப் பெருமான் மணி வணிகராய் எழுந்தருளினார். சாதரங்கம், குருவிந்தம், சௌகந்திகம், கோவாங்கம் என்னும் மாணிக்க வகைகளையும், ஏனை மணிகளின் பிறப்பையும் இயல்பையும் எடுத்துரைத்து மணிகளை அளித்தருளினார். ஈண்டு உற்றுநோக்கற்பாலது ஒன்றுண்டு. எல்லாம் வல்ல இறைவனும் வணிகனாய் வந்தவிடத்துத் தன் பண்டத்தின் இயல்பை உள்ளவாறு கூறிய பின்னரே கைக்கொடுத்தான் என்பதே அது.

இப்புராணக் கருத்துக்கு ஒத்த செயலொன்று சோழர் வரலாற்றிற் காணப்படுகின்றது. கி. பி. 985 முதல் 1014 வரை அரசு புரிந்த முதலாம் இராசராசன் தஞ்சையில் எடுப்பித்த இராசராசேச்சரத் திருக்கோயிற் சுவர்களில், அரசன் கொடுத்தனவும், அவன் தமக்கை குந்தவையார் கொடுத்தனவும், தேவியரும் பிறரும் கொடுத்தனவும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்ட பொருளினின்றும் செய்த அணிகலன்களும் அவற்றுள் அடங்கும். இக்கல்வெட்டுக்களை ஊல்ச் என்னும் செருமானிய அறிஞர் 1891-ஆம் ஆண்டு தொடங்கி வெளியிட்டார்.

அவற்றில் ஒவ்வோர் அணிக்கும் பொன் இவ்வளவு, வயிரம் இத்துணை, மாணிக்கம் இத்துணை, முத்து இத்துணை என எண்ணும் நிறையும் குறிக்கப்பட்டன. பொன் 'ஆடவல்லான்' என்னும் கல்லாலும், மணிகள் 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன. இரண்டும் பெருமான் திருநாமங்களே. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்னும் அளவைகளால் நிறை கூறப்பட்டது. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு, இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. மணிகளைப் பதித்தற்கு இட்ட அரக்கும் கணக்கினின்று தப்பவில்லை.

இவற்றினும் வியத்தற்குரியது வேறொன்று. ஹளஹளம் முதலாக மாணிக்கங்களின் வகைகளைப் பிரித்தெழுதியதனோடு அமையாது, குழியுடையன, வெட்டுடையன, துளையுடையன, வெண்புள்ளியுடையன, தாய்க்கல் இன்னும் ஒட்டியிருப்பன என்று அவற்றின் குற்றங்களையும் அக்கல்வெட்டுக்கள் கூறுகின்றன. பேரரசன் தன் கொடையைப் புகழ்ந்தெழுதுவித்த இடத்திலேயே அதன் குறையையும் எழுதுவித்தான். இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று காவல்: குற்றம் குறித்த மணியை எடுத்துக்கொண்டு அதனிடத்து வேறொன்றை வைத்தல் அரிது. நிலமோ உறவோ பொருளோ உடையாரையே கோயிற் பண்டாரிகளாக அமர்த்துமாறு அவன் விதித்ததும் இக்கருத்துப் பற்றியே. மற்றொன்று வாய்மை: இறைவன் திருமுன் வைக்கும் பொருளை உள்ளதினும் உயர்வாகக் கூறுதல் தகாது. அவ்வணிகளுட் பெரும்பாலன இன்று காணக்கிடையா. அவற்றைப் பற்றிய மெய்யுரை மட்டும் கல்லில் நிலைபெற்றிருக்கின்றது.

இக்காலப் பொருணூலாரும் மாணிக்கத்தின் குற்றத்தை இகழ்வதில்லை. மாணிக்கமும் நீலமும் குருந்தக்கல் என்னும் ஒரே இனத்தன. தமிழ்க் 'குருந்தம்' என்னும் சொல்லே மேனாட்டு மொழிகளிற் கொரண்டம் என வழங்குகின்றது. தூய குருந்தம் நிறமற்றது. குரோமியம் என்னும் பொருள் சிறிது கலத்தலாலே செந்நிறம் உண்டாகின்றது. 1902-ஆம் ஆண்டில் வெர்நேய் என்னும் பிரெஞ்சு அறிஞர் இதனைத் தீயில் உருக்கிச் செய்யும் முறையை வெளியிட்டார். அங்ஙனம் செய்த கல்லினுள் வளைகோடுகளும் நுண்குமிழிகளும் காணப்படும். நிலத்துப் பிறந்ததனுள் பட்டிழை போன்ற நுண்ணிய ஊசிகள் காணப்படும். இயற்கைக் குற்றமே இயற்கை மணி என்பதற்குச் சான்றாகின்றது.

இனி இம்மணியைப் பேணுமாறு கூறுவாம். வன்மையில் மாணிக்கம் வயிரத்துக்கு அடுத்தது. ஆதலின் பிற கற்கள் இதனைக் கீறுதல் அரிது, வயிரம் கீறும். இரண்டையும் ஒரே பேழையில் உராயுமாறு இடலாகாது. பழைய திருவாபரணங்களில் மணிகள் அரக்கின்மேற் பதிக்கப்பட்டவை. வெந்நீரில் ஊறவைத்தால் அரக்கு நெகிழ்ந்து மணி கழன்றுவிடும். ஈரம் உட்புகின் அடியிலிட்ட தகடு கருத்து மணியின் ஒளி மழுங்கும். புளியும் எலுமிச்சையும் கொண்டு துலக்குதலும் தீது. வெடிப்பில் கண்ணாடி நிரப்பிய கற்கள் புளிப்பினால் அரிக்கப்படும். மெல்லிய உலர்ந்த துணியால் துடைத்து, தனித்தனியே பஞ்சில் வைத்தல் நன்று. இவையெல்லாவற்றினும் மேலான காவல், எண்ணும் நிறையும் குற்றமும் குறித்த மெய்யான பதிவேயாம். திருக்கோயிற் பொருளைக் காப்போர் இராசராசனிடம் இதனைக் கற்றல் வேண்டும்.

இப்பொழுது முன்னர் எழுப்பிய வினாவிற்கு விடை கூறலாம். திருவாதவூரர் பாண்டியனுக்கு அமைச்சராய்ப் பெருஞ்செல்வத்தின் நடுவே வாழ்ந்தவர். குதிரை கொள்ளக் கொடுத்த பொருளைத் திருப்பெருந்துறையில் இறைபணிக்கு ஆக்கி அரசன் சினத்துக்கு உள்ளானவர். அத்தகைய பெருமகனார் திருவாசகத்துள் தம் பெருமையைப் பாராட்டினாரல்லர். தம் இழிவையும், பொறிவழிச் சென்ற பிழையையுமே திருமுன் விரித்து, தம்மைக் கைவிடாதிருக்குமாறு நீத்தல் விண்ணப்பத்தில் வேண்டுகின்றார். குற்றத்தை மறையாது உரைத்தமையாலே அவர் சொல் மாணிக்கமாயிற்று.

ஆணவமலம் உயிரை அநாதியே பற்றியது என்பது சித்தாந்தத் துணிபு. அதனை இல்லையென மறைப்பவன் நீங்கும் வழியை நாடான். தன்பாலுள்ள குறையை உணர்ந்து இறைவன் திருமுன் வைப்பவனையே அருள் வந்து பற்றும். குழியும் புள்ளியும் உடைய மணிகளைத் தள்ளாது தஞ்சைப் பெருவுடையார் ஏற்றருளினார். மலமுடைய உயிரையும் அவர் தள்ளுவாரல்லர்; மறையாது ஒப்புவித்தலே நாம் செய்யக்கடவது.

திருச்சிற்றம்பலம்.